பல் முளைக்கும் குழந்தைக்கு எது: உரை மருந்தா, கிராம்பு எண்ணெயா, ஜெல்லா, ஈரத் துணியா?

எங்கள் மருந்துக் கடையில் மாதம் தவறாமல் வரும் கேள்வி இது. குழந்தைக்கு ஆறு மாதமோ ஏழு மாதமோ இருக்கும். எச்சில் ஒழுகி சட்டை நனைகிறது, கைக்குக் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வீறிடுகிறது. மாமியார் உரை மருந்து உரசிக் கொடுக்கலாம் என்கிறார். எதிர்வீட்டு அக்கா ஈறில் கிராம்பு எண்ணெய் தொட்டு வைக்கச் சொல்கிறார். வெளிநாட்டிலிருக்கும் நாத்தனார் ஒரு ஜெல் கொடுத்தனுப்பியிருக்கிறார். டாக்டரோ, "ஒண்ணும் வேண்டாம்மா, தானா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். கடைசியில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் என்னிடம் கேட்கிறார்கள்: "எது நல்லதுக்கா?"

எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு நாட்டு மருந்துக் கடை. அங்கே வாங்குபவர்களும் இங்கே வாங்குபவர்களும் ஒரே ஆட்கள்தான். அதனால் நாட்டு மருந்து கட்சி, இங்கிலீஷ் மருந்து கட்சி என்று பிரிந்து நின்று பேச எனக்கு விருப்பமில்லை. இரண்டு பக்கமும் குழந்தை வாயில் வைக்கக் கூடாத சரக்கு இருக்கிறது.

## முதலில், இது பல் வலிதானா?

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 125 குழந்தைகளை நாலு மாதத்திலிருந்து ஒரு வயது வரை பெற்றோர்களே தினமும் கவனித்துக் குறித்துவைத்த ஆய்வு ஒன்று 2000இல் வெளியானது. பல் வெளியே வருவதற்கு நாலு நாள் முன்பு, வரும் நாள், அதற்கப்புறம் மூன்று நாள் என்று மொத்தம் எட்டு நாள்தான் தொந்தரவு கூடுதலாக இருந்தது. கடிப்பது, எச்சில், ஈறைத் தேய்ப்பது, சிணுங்கல், காதைத் தடவுவது, லேசான உடல் சூடு ஆகியவை இந்த எட்டு நாளோடு பொருந்தின. அதிகக் காய்ச்சல், வாந்தி, இருமல், வயிற்றுப்போக்கு ஆகியவை பொருந்தவில்லை.

நம் வீடுகளில் "பல் முளைக்கிறதுக்கு வயித்தால போகும்" என்று அடித்துச் சொல்வார்கள். ஆறு மாதம் என்பது தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்பு குறைகிற காலம், தரையில் கிடப்பதையெல்லாம் குழந்தை வாயில் வைக்கிற காலம், இணை உணவு தொடங்குகிற காலம். போக்குக்கு இந்த மூன்று காரணங்களே போதும். பல் அந்த நேரம் பார்த்து வந்து பழியை ஏற்றுக்கொள்கிறது.

இந்த எட்டு நாள் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. ஒரு பல்லுக்கு எட்டு நாள்தான், சரி. ஆனால் பால் பற்கள் 20. அவை எல்லாம் முளைத்து முடிய இரண்டரை வயது ஆகும். இன்று ராத்திரிக்கென்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் மருந்து இரண்டு வருடத்துக்கு வீட்டில் பழக்கமாகிவிடும். ஆகவே "ஒரு தடவைதானே" என்ற கணக்கு இங்கே செல்லாது.

## எதை வைத்து எடை போடுவது?

"இயற்கையானதா?" என்று கேட்பதால் பயனில்லை. ஊமத்தங்காயும் இயற்கைதான். நான் கேட்கிற கேள்விகள் ஐந்து.

எங்கே போகிறது? ஈறோடு நிற்கிறதா, தொண்டை வழியாக வயிற்றுக்குள் இறங்குகிறதா? ஏழு கிலோ உடம்புக்குள் இறங்கும் எதுவும் மருந்துதான்.

இன்று கொடுத்த அளவையே நாளையும் கொடுக்க முடியுமா?

கொஞ்சம் கூடிப்போனால் என்ன ஆகும்? அழுகையோடு போகுமா, வலிப்பு வரை போகுமா?

கூடவே வேறு என்ன வருகிறது? கலப்படம், ஈயம், கிருமி, தேன்.

எதை மறைக்கிறது? குழந்தை அமைதியானது வலி போனதாலா, மயக்கத்தாலா?

பலனைப் பட்டியலில் வைக்கவில்லையே என்று கேட்கலாம். பல் வலி தானாகவே அடங்கும். மூன்றாம் நாள் எதைக் கொடுத்திருந்தாலும் "கேட்டுச்சு" என்றுதான் தோன்றும். எல்லோரும் தங்கள் வைத்தியத்தை அடித்துப் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

## ஈரத் துணி, விரல், டீத்தர்

சுத்தமான பருத்தித் துணியை, பழைய வேட்டியில் கிழித்தது என்றால் இன்னும் நல்லது, காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் அரை மணி நேரம் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், கல்லாக உறைந்தது ஈறைப் புண்ணாக்கும். ஒரு முனையை முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் கடிக்கத் தோதாக இருக்கும். துணி கையில் இல்லையென்றால் சோப்புப் போட்டுக் கழுவிய விரலால் ஈறை ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அழுத்தித் தேய்க்கலாம்.

குளிர்ச்சி ஈறை மரக்கச் செய்கிறது, அழுத்தம் உள்ளேயிருந்து வரும் தள்ளலுக்கு எதிரே நிற்கிறது. வயிற்றுக்குள் போவது கொஞ்சம் தண்ணீர் மட்டும். அளவு கூடிப்போகும் பேச்சே இல்லை.

இதில் ஒளிந்திருக்கும் செலவு உங்கள் நேரம். ஒரு துணி பத்து நிமிடம் தாங்கும், அப்புறம் அடுத்த துணி. ராத்திரி இரண்டு மணிக்கு இது லேசான வேலையில்லை. அதைச் சொல்லாமல் "துணி போதும்" என்று அறிவுரை சொல்வது நியாயமில்லை. நாலைந்து துண்டுகளை முன்கூட்டியே நனைத்து வைத்துக்கொண்டால் பாதிக் கஷ்டம் குறையும்.

டீத்தர், அதாவது குழந்தை கடிப்பதற்கென்றே விற்கும் வளையம், வாங்குவதானால் ஒரே துண்டாக வார்த்த சிலிக்கான் வாங்குங்கள். உள்ளே திரவம் நிரப்பியது ஒரு நாள் கிழியும். பச்சைக் கேரட்டைக் கையில் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. முன்பல் இரண்டு வந்துவிட்ட குழந்தை அதில் ஒரு துண்டைக் கடித்து எடுத்துவிடும், அதை மெல்ல அதற்குக் கடைவாய்ப் பல் இருக்காது. மூச்சுக்குழாயில் சிக்கினால் சில நிமிடங்கள்தான் அவகாசம். ரஸ்க்கும் அப்படித்தான்.

## உரை மருந்து

இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வீட்டில் சண்டை வருவது இதில்தான்.

ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு, சுக்கு. சில வீடுகளில் பெருங்காயம், பூண்டு, அக்கரகாரம், அதிமதுரம். சோறு கொதிக்கும்போது அதிலேயே போட்டு வேகவைத்து, வெயிலில் காயவைத்து எடுத்து வைப்பார்கள். தலைக்குக் குளிப்பாட்டும் நாளில் உரைகல்லில் தாய்ப்பால் விட்டு ஒவ்வொன்றையும் இத்தனை சுற்று என்று உரசி, பாலாடையிலோ சங்கிலோ எடுத்துப் புகட்டுவார்கள். பல் முளைக்கும் சமயத்தில் சுற்று கூடும்.

அந்தச் சுற்றுதான் பிரச்சினை. என் மகளுக்கு ஏழு மாதம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாக்குவாதத்தை முடிக்க ஒரு வேலை செய்தோம். ஒரே கல், ஒரே ஜாதிக்காய். நான் மூன்று சுற்று உரசினேன், என் மாமியார் மூன்று சுற்று உரசினார், ஊரிலிருந்து வந்திருந்த பெரியத்தை மூன்று சுற்று உரசினார். என்னுடையது கல்லில் பழுப்பு நிறத்தில் ஒரு ஈரத்தடம், அவ்வளவுதான். மாமியாருடையது மோர் மாதிரி இருந்தது. வயலில் வேலை செய்த கை பெரியத்தைக்கு. அவர் உரசியது விரலில் வழித்தால் சந்தனம் போல நின்றது. மூன்றுக்கும் பெயர் "மூணு சுத்து". மாமியார் கல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கம்மா கை மெதுவா இருக்கும்" என்றார்.

உள்ளே இருப்பவற்றைத் தனித்தனியாகப் பார்ப்போம். ஜாதிக்காயில் உள்ள மிரிஸ்டிசின் மூளையில் வேலை செய்யும் பொருள். அளவு கூடினால் மயக்கம், வாய் வறட்சி, நெஞ்சுப் படபடப்பு. "உரசிக் கொடுத்தேன், அஞ்சு மணி நேரம் தூங்கினான்" என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் எனக்கு அடிவயிறு கலங்கும். ஈறு வலி குறைந்ததால் வந்த தூக்கம் அது என்று எப்படித் தெரியும்?

வசம்பின் எண்ணெயில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. எலிகளில் புற்றுக்கட்டி உண்டாக்கியதால் 1968இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. வசம்பில் பல வகை உண்டு. அமெரிக்காவில் இயல்பாக வளரும் வகையில் இந்தப் பொருள் கிடையாது, நம் இந்திய வகையில்தான் மிக அதிகம். பழைய முறையில் வசம்பை விளக்குத் தீயில் சுட்டுக் கரியாக்கித்தான் குழந்தைக்கு உரசுவார்கள். சுடும்போது எண்ணெயில் ஒரு பகுதி ஆவியாகிப் போகும். பெரியவர்கள் கண்மூடித்தனமாகச் செய்யவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் எவ்வளவு போனது என்பது சுட்டவர் பொறுமையைப் பொறுத்தது. இப்போது பாதிப் பேர் சுடுவதே இல்லை.

மாசிக்காயும் கடுக்காயும் துவர்ப்பு. மாசிக்காய் வயிற்றைக் கட்டும், கடுக்காய் இளக்கும். இரண்டையும் ஒரே பாலாடையில் ஏன் கொடுக்கிறோம் என்று நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஒளிந்திருக்கும் செலவுகள் வேறு. அடுத்த மாதம் வரை அலமாரியில் கிடக்கும் ஜாதிக்காயில் பூஞ்சை பிடிக்கும். உரைகல்லைத் தண்ணீரில் அலசி வைப்போமே தவிர யாரும் கொதிக்கவைப்பதில்லை. கடையில் அள்ளிப் பொட்டலம் கட்டித் தரும் பொடி என்றால் அதில் என்ன கலந்தது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கெடுத்தது உடனே தெரியாது. ஆறு மாதம் முடியாத குழந்தை என்றால் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதே பொது விதி. உரை மருந்துக்கு அதில் விலக்கு இல்லை.

புகட்டும் விதத்தில் இன்னொரு ஆபத்து. அழும் குழந்தையை மடியில் மல்லாத்தி, மூக்கைப் பிடித்துச் சங்கால் ஊற்றுவது. வயிற்றுக்குப் போக வேண்டியது நுரையீரலுக்குப் போய்விடும். இந்த இடத்தில் வேப்பெண்ணெயையும் சொல்லிவிடுகிறேன், பல்லுக்காக இல்லாவிட்டாலும் சளிக்கும் மாந்தத்துக்கும் சிலர் இன்னும் புகட்டுகிறார்கள். மலேசியாவில் வேப்பெண்ணெய் குடித்த குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து, ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டதை அங்குள்ள மருத்துவர்கள் 1981இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். கொடுத்த அளவு ஒரு ஸ்பூன் கணக்குதான்.

உரை மருந்து எந்த நிலையில் சரியான தேர்வு? பல் வலிக்கு என்றால், எந்த நிலையிலும் இல்லை என்பது என் முடிவு. குடும்பத்தில் சித்த மருத்துவத்தில்தான் நம்பிக்கை என்றால், பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். இதே சரக்குகளை வைத்துச் செய்யும் உரை மாத்திரை அங்கே உண்டு. உரிம எண், தயாரித்த தேதி, ஒரு மாத்திரைக்கு இவ்வளவு என்ற கணக்கு எல்லாம் அதில் இருக்கும். வசம்பு பற்றிய என் தயக்கம் அதிலும் தீரவில்லை; ஆனால் பெரியத்தையின் கைவலுவைவிட அது மேல்.

## வசம்பு வளையல், அதிமதுரக் குச்சி, மணிமாலை

வசம்பைத் துண்டு போட்டுக் கோத்த வளையலைக் குழந்தை கையில் கட்டிவிடுவது நம் பக்கம் சாதாரணம். கண்ணேறுக்கு என்பார்கள், பூச்சி அண்டாது என்பார்கள். பல் முளைக்கும் குழந்தைக்கு அது டீத்தர். நாள் முழுக்கச் சப்பும். தீயில் சுடாத பச்சை வசம்பு, கணக்கில்லாத நேரம். மேலே சொன்ன பழைய முறையோடு ஒப்பிட்டால் இது பாட்டி வைத்தியமே கிடையாது.

என் மகளும் போட்டிருந்தாள். ஒரு நாள் குளிப்பாட்டும்போது எண்ணிப் பார்த்தேன்; ஏழு துண்டு இருந்த இடத்தில் ஆறுதான் இருந்தது. எச்சிலில் ஊறி ஊறி நூல் இற்றுவிட்டது. பாய், தொட்டில், கட்டிலுக்கு அடியில் என்று எல்லாம் தேடி, கடைசியில் வாயில் விரல் விட்டுப் பார்த்தபோது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே இருந்தது. அன்றைக்கே கழற்றிப் போட்டேன்.

மேல்நாட்டில் ஆம்பர் மணிமாலை என்று ஒன்று விற்கிறார்கள், நம்மூர் ஆன்லைன் கடைகளிலும் கிடைக்கிறது. தூக்கத்தில் அது கழுத்தை இறுக்கி 18 மாதக் குழந்தை இறந்த செய்தியைக் குறிப்பிட்டு, 2018 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இத்தகைய மாலைகளையும் வளையல்களையும் பயன்படுத்த வேண்டாம் என்றது. அதிமதுரக் குச்சி நார் நாராகப் பிரியும். தொடர்ந்து சப்பினால் உடலில் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும்.

## கிராம்பு எண்ணெய்

பெரியவர்களின் சொத்தைப் பல்லுக்குக் கிராம்பு எண்ணெய் கேட்கும், அதில் சந்தேகமில்லை. அதிலுள்ள யூஜினால் நரம்பை மரக்கச் செய்யும். பல் டாக்டர்களே அதைக் கலந்த சிமெண்டைத்தான் தற்காலிகமாக அடைக்கிறார்கள். அந்தப் பெருமைதான் குழந்தையிடம் ஆபத்தாகிறது. சொத்தைப் பல்லில் எண்ணெய் படுவது கடினமான பல்லின் குழிக்குள். குழந்தையிடம் படுவது மெல்லிய ஈறில். நீர்க்காத எண்ணெய் அங்கே சுடும், கொப்புளம் வரும், குழந்தை இன்னும் அழும், "பத்தலை போல" என்று இன்னொரு சொட்டு விழும்.

விழுங்கினால் கதை வேறு. இரண்டு வயதுப் பையன் ஒருவன் 5 முதல் 10 மி.லி. குடித்து, நினைவிழந்து, வலிப்பு வந்து, ஈரல் கெட்டுப்போய்ப் பிழைத்த சம்பவம் 1993இல் மருத்துவ இதழில் பதிவானது. கடையில் விற்கும் சின்னக் குப்பியிலேயே அந்த அளவில் பாதியாவது இருக்கும். மூடியைக் கடித்துத் திறக்கும் வயதும் இதுதான்.

தேங்காய் எண்ணெயில் கலந்து தொட்டால்? சுடுவது குறையும். ஆனால் ஒரு சொட்டு எவ்வளவு பெரியது, எத்தனை தடவை என்ற கேள்விகள் அப்படியே நிற்கும். சமையலில் போடும் கிராம்பு பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பாத்திரக் குருமாவில் இரண்டு கிராம்பு என்பதும் வடித்த எண்ணெயும் ஒன்றல்ல.

## தேன்

ஒரு வயது முடியும்வரை வேண்டாம். இதில் பேரமே கிடையாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்துகள் பெரியவர் குடலில் ஒன்றும் செய்யாது. குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும்; பொட்டுலிசம் என்பது இதுதான். முதலில் மலச்சிக்கல், அப்புறம் அழுகுரல் மெலியும், பால் குடிக்கும் பலம் போகும், இமை தொங்கும், கழுத்து நிற்காது. வீட்டில் காய்ச்சுவதால் அந்த வித்து சாகாது. கொம்புத்தேனா, மலைத்தேனா, கடைத்தேனா என்பதில் வித்தியாசம் இல்லை. உரை மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பவர்கள் இதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

## ஜெல்

இப்போது என் கடைப் பக்கம். பல் முளைக்கும்போது தடவும் ஜெல்களில் பொதுவாக மூன்று மருந்துகளில் ஒன்று இருக்கும்.

பென்சோகைன் மரக்கச் செய்யும். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும் மித்ஹீமோகுளோபினீமியா என்ற நிலையை இது உண்டாக்கலாம். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது, பல் முளைப்பதற்கென்று விற்கவே வேண்டாம் என்று 2018இல் எஃப்.டி.ஏ. கம்பெனிகளிடம் சொல்லிவிட்டது. இரண்டாவது லிக்னோகைன், லிடோகைன் என்றும் எழுதியிருக்கும். இதன் கெட்டித் திரவத்தைக் கொடுத்துக் குழந்தைகளுக்கு ஏற்பட்ட 22 தீவிர பாதிப்புகளை, அவற்றில் மரணங்களும் உண்டு, ஆராய்ந்து 2014இல் எச்சரித்தார்கள். மூன்றாவது கோலின் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு உறவுக்காரன். பிரிட்டனில் 2009 முதல் 16 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்கிறார்கள்.

இத்தனைக்கும் பலன் என்ன? எச்சில் ஒழுகும் வாயில் ஜெல் சில நிமிடம்கூடத் தங்காது. கழுவிக்கொண்டு தொண்டைக்குள் போகும். தொண்டை மரத்தால் விழுங்குவது தடுமாறும். அப்புறம் மறுபடி தடவத் தோன்றும்.

வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதால் நல்லதாகிவிடாது. 'மூலிகை' என்று அட்டையில் இலை படம் போட்டிருந்தாலும் பின்பக்கப் பொடி எழுத்தில் இந்த மூன்று பெயர்களைத் தேடுங்கள். கிராம்பு எண்ணெய் என்று இருந்தால் மேலே உள்ள பத்தியைப் படியுங்கள்.

## பல் மாத்திரை

ஹோமியோபதிக் கடையில் தரும் இனிப்பு மாத்திரை. நம் ஊரில் பெரும்பாலும் பயோ காம்பினேஷன் 21 என்ற எண்ணில் வருவது. கால்சியம் பாஸ்பேட்டும் இரும்புப் பாஸ்பேட்டும் மிக மிக நீர்த்த அளவில், மீதி பால் சர்க்கரை. பெரிதாகக் கெடுதல் செய்ய அதில் ஒன்றும் இல்லை, நன்மை செய்யவும்தான். பெல்லடோனா என்ற நச்சுச் செடி சேர்ந்த மாத்திரைகள் வேறு விஷயம். அமெரிக்காவில் 2016இல் எச்சரிக்கை விட்டு, 2017 தொடக்கத்தில் சோதனை முடிவையும் வெளியிட்டார்கள்: மாத்திரைக்கு மாத்திரை பெல்லடோனா அளவு மாறியது, சிலவற்றில் அட்டையில் போட்டதைவிட மிக அதிகம். உரைகல்லில் பார்த்த அதே கோளாறு தொழிற்சாலையிலும் நடக்கும்.

## பாராசிட்டமால்

துணி, விரல் எதற்கும் அடங்காத ராத்திரிக்கு, டாக்டரிடம் ஏற்கெனவே கேட்டு வைத்த அளவில், ஒரு வேளை. இந்தப் பட்டியலில் அளவும் விளைவும் நன்றாகத் தெரிந்த மருந்து இதுதான்: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.

ஆனால் இதிலும் குழி உண்டு, கவுண்டரில் அடிக்கடி பார்க்கிறேன். சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி.; சாதாரண சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி., அதாவது 1 மி.லி.க்கு 25தான். ஏழு கிலோக் குழந்தைக்குச் சிரப்பில் 4 மி.லி. என்றால் 100 மி.கி., சரியான அளவு. அதே 4 மி.லி.யைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் 400. நாலு மடங்கு, ஈரலுக்குக் கேடு. "டாக்டர் நாலு எம்.எல். சொன்னாரு" என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளாதீர்கள், எந்தப் பாட்டிலில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கூடவே வரும் அளவுக் குழாயைத் தவிர வீட்டு ஸ்பூன் வேண்டாம். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு டாக்டர் பார்க்காமல் ஒரு சொட்டும் கூடாது.

கிரைப் வாட்டரும் ஓம வாட்டரும் வயிற்று உப்புசத்துக்கென்று வந்தவை. ஈறுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்த கிரைப் வாட்டரில் பல காலம் ஆல்கஹால் இருந்தது, குழந்தைகள் அடங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | எங்கே போகிறது | அளவு நிலையானதா | கூடினால் / தவறினால் | ஒரு வயதுக்குள் |
|---|---|---|---|---|
| குளிர்ந்த துணி, விரல் | ஈறோடு சரி | அளவே தேவையில்லை | உறைந்தால் ஈறு புண் | முதல் தேர்வு |
| சிலிக்கான் டீத்தர் | ஈறோடு சரி | தேவையில்லை | கழுவாவிட்டால் கிருமி | சரி |
| வீட்டு உரை மருந்து | வயிறு, ரத்தம் | கைக்குக் கை மாறும் | மயக்கம், புரையேறல், ஈயம் | வேண்டாம் |
| உரை மாத்திரை | வயிறு, ரத்தம் | ஓரளவு | வசம்பு, ஜாதிக்காய் இதிலும் உண்டு | சித்த மருத்துவர் எழுதினால் மட்டும் |
| வசம்பு வளையல் | ஊறி வயிற்றுக்கு | இல்லை | தொண்டையில் சிக்கும் | கழற்றுங்கள் |
| கிராம்பு எண்ணெய் | ஈறு, பிறகு வயிறு | இல்லை | புண், வலிப்பு, ஈரல் பாதிப்பு | வேண்டாம் |
| தேன் | வயிறு | பொருந்தாது | பொட்டுலிசம் | கூடவே கூடாது |
| மரக்கும் ஜெல் | தொண்டை, ரத்தம் | இல்லை | நீலம் பாரித்தல், வலிப்பு | வேண்டாம் |
| பாராசிட்டமால் | ரத்தம் | எடைக்கு ஏற்பத் தெரியும் | பாட்டில் மாறினால் ஈரல் பாதிப்பு | கேட்டு வைத்த அளவில், அபூர்வமாக |

## யாருக்கு எது?

பகலில் சிணுங்கல், எச்சில், கடி மட்டும் என்றால் துணியும் டீத்தரும். எச்சிலால் கன்னமும் கழுத்தும் சிவந்திருந்தால் துடைத்துவிட்டுக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலைன், வெளியே மட்டும். ராத்திரி தூக்கமே இல்லை, அடுத்த நாள் வேலைக்கும் போக வேண்டும் என்றால் பாராசிட்டமால் ஒரு வேளை கொடுப்பதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. அது மூன்று ராத்திரி தொடர்ந்தால் பல்லைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டுக் காதைக் காட்டுங்கள். காதுச் சீழும் ஈறு வலியும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி அழும்.

மாமியாரோடு சண்டை வேண்டாம் என்பவர்களுக்கு, எங்கள் வீட்டில் எடுபட்டது இது: கொடுப்பதை நிறுத்தினோம், செய்வதை நிறுத்தவில்லை. தலைக்குக் குளிப்பாட்டுவது, சாம்பிராணி காட்டாமல் துவட்டுவது, மடியில் போட்டு ஈறைத் தேய்ப்பது எல்லாம் அவர் கையில்தான். ஈரத்துணியை அவர்தான் ஃபிரிட்ஜில் அடுக்கி வைப்பார். நான் தேய்த்தால் கடிக்கும் பெண், அவர் விரலைச் சப்பிக்கொண்டு தூங்கிவிடுவாள்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், பால் குடிக்க மறுத்தால், எழுப்பினால் சரியாக விழிக்காவிட்டால், ஒரு நாளில் பலமுறை தண்ணீராகப் போனால், அது பல் இல்லை, மருத்துவமனை. எதையாவது ஏற்கெனவே கொடுத்திருந்து உதடு நீலமானாலோ வலிப்பு வந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள், வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். கொடுத்த குப்பியையோ ஜெல் குழாயையோ உரை மருந்து டப்பாவையோ கையோடு கொண்டுபோங்கள். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டால் மாமியார் பக்கம் பார்த்து மழுப்பாதீர்கள். திட்டு விழும் என்று பயந்து "ஒண்ணும் கொடுக்கலை" என்று சொல்பவர்கள் நிறைய. அந்த ஒரு பதிலால் சிகிச்சை தொடங்கவே நேரமாகிவிடும்.